பாதி வரைந்தால் மீதி தானாக வரும்

என் தாய்மாமன் காளீஸ்வரனுக்கு நாற்பத்தொரு வயது. நயினார்கோவில் போகிற பாதையில், உரக்கடைக்கும் சலூனுக்கும் நடுவே ஒரு ஷட்டர் கடை வைத்திருக்கிறார். வெளியே 'காளீஸ் டிஜிட்டல் ஆர்ட்ஸ்' என்று போர்டு. உள்ளே ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஒரு மாமா. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கபடி, மாட்டு வண்டிப் பந்தயம் என்று எது வந்தாலும் பேனர் டிசைன் செய்து, ராமநாதபுரத்துக்கு அனுப்பி அச்சடித்து வாங்கித் தருவார். இதற்குப் பெயர் ஓவியமாம். யாராவது 'டிசைனர்' என்றால் அன்று பூரா சாப்பிட மாட்டார். 'ஓவியரே' என்று கூப்பிட வேண்டும். ஊரில் அப்படிக் கூப்பிடுகிற ஒரே ஆள் டீக்கடை மூக்கையா. அவரும் கிண்டலுக்குத்தான் கூப்பிடுகிறார் என்பது மாமாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவள். காரணம் வேதியியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்தால் வேலை சொல்வார்கள் என்று மாமா கடையில் உட்கார்ந்திருப்பேன். அதனால் இந்த ஆளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வகுப்பில் பாதிப் பேருக்கு இவர்தான் விலங்கியல் ரெக்கார்டு நோட்டு வரைந்து கொடுத்தாராம். தவளை, கரப்பான்பூச்சி, மண்புழு. அவ்வளவு பேரும் பாஸ். இவர் பெயில். பிறகு திருப்பூரில் எட்டு வருடம் பனியனில் புலியும் மண்டை ஓடும் அச்சடித்தார். அங்கே ஒரு சிநேகிதன் விலை உயர்ந்த பெரிய சாஃப்ட்வேர் ஒன்றைப் பூட்டை உடைத்து ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். சீர்வரிசை மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து கடை போட்டார். ஒன்பது வருடம் அந்தத் திருட்டுச் சரக்கில்தான் ஊருக்கெல்லாம் பேனர்.

போன ஆடி மாதம் லேப்டாப் படுத்துக்கொண்டது. சரி பண்ணிய ஆள் எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாகத் திருப்பித் தந்தான். சாஃப்ட்வேர் போயிற்று. பென்டிரைவை எலி கடித்துவிட்டது. திருப்பூர் சிநேகிதன் நம்பரை மாற்றிவிட்டான். மாமா மூன்று நாள் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துத் துக்கம் காத்தார். நாலாம் நாள், கையில் இருக்கிற காசுக்குள் நல்ல சாஃப்ட்வேராகப் பார்த்து எடுக்கப் போவதாக அறிவித்தார்.

நல்ல சாஃப்ட்வேர் என்றால் என்ன என்று கேட்டேன். "மீச நல்லா வரணும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் பேனரில் மீசை சரியில்லை என்றால் ஆள் சரியில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் ஒரே மீசையை வரைந்து பார்ப்பது என்று முடிவெடுத்தார். பெரிய கம்பெனிக்காரன் மாதாமாதம் சந்தா கட்டச் சொன்னான். மாதா மாதம் வாடகை கொடுக்க அது என்ன வீடா என்று மாமா அதை மூடினார். இன்னொன்றுக்கு ஒரே தடவை கொடுத்தால் போதும். ஆனால் டாலரில் கேட்டது. முப்பது நாள் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. மாமா அந்த முப்பது நாளில் ஒரு மீசை வரைந்தார். மீதி நாளெல்லாம் இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் யூடியூபில் வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனாக விமர்சனம் கேட்டார். இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவன் முகம் போகிற போக்கை வைத்துச் சாஃப்ட்வேர் தரத்தைக் கண்டுபிடித்தார்.

சும்மாவே கிடைக்கிற கிரிட்டா, கிம்ப் எல்லாம் இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன். மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சும்மா குடுக்குறவன் எதுக்குப் பிள்ள குடுக்குறான்? உள்ள என்னமோ இருக்கு."

ஒன்பது வருடம் திருட்டுச் சாஃப்ட்வேர் ஓட்டியவர், என் அண்ணனுக்கு அரசாங்கம் கொடுத்த விலையில்லா லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்ன வசனம் இது.

கடைசியில் வேறு வழி இல்லாமல் கிரிட்டாவை இறக்கினார். மீசை வந்தது. நன்றாகவே வந்தது. ஆனாலும் அரைமனதாகத்தான் இருந்தார். பிறகு ஒரு நாள் மேலே இருந்த ஒரு பொத்தானை எதேச்சையாக அழுத்திவிட்டார். இந்தப் பக்கம் ஒரு கோடு போட்டால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி அந்தப் பக்கமும் அதே கோடு விழுந்தது. பாதி மீசை வரைந்தார். முழு மீசை வந்தது. மாமா கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. மூன்று மாத ஆராய்ச்சி அந்த நிமிடம் முடிந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்காக ஒரு சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். பாதி வேலை மிச்சம் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த ஓவியர் என் மாமா ஒருவராகத்தான் இருப்பார்.

அதற்கப்புறம் எல்லா முகமும் பாதிதான். செத்துப்போனவர்களுக்குக்கூட ஒரு கன்னத்து மருவை இரண்டு கன்னத்திலும் வைத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அப்போதுதான் செல்லச்சாமி அய்யாவின் மாட்டுப் படம் வந்தது. பக்கத்துத் தெரு. சின்ன விவசாயி. அவருடைய வெள்ளை மாடு வண்டிப் பந்தயத்தில் இரண்டு தடவை முதலாக வந்திருந்தது. சாயல்குடிப் பக்கம் வேல்சாமி என்று ஒருவர் தன் மாட்டுக்கு ஜோடியாக அதை வாங்கப் பேசி முடித்து, வெள்ளிக்கிழமை ஓட்டிப் போவதாக இருந்தது. போகிற மாட்டுக்கு ஊர் சார்பில் பெரிதாக ஒரு பேனர். போட்டோ வேண்டாம், ஓவியமாகவே இருக்கட்டும் என்று செல்லச்சாமி சொன்னதும் மாமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மாட்டின் முகத்தை நேருக்கு நேராக வரைந்தார். அதாவது இடது பாதியை வரைந்தார். அந்த மாட்டுக்கு நெற்றியில் ஒரே மயிர்ச்சுழி, நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி. திரையில் இரண்டு சுழி வந்தது. பக்கத்தில் பக்கத்தில், ஜோடியாக. மாடு வைத்திருக்கிற வீட்டில் பிறந்த யாருக்கும் அது என்னவென்று தெரியும். நெற்றியில் அப்படி ஜோடிச் சுழி இருந்தால் வாங்குகிற வீட்டுக்கு ஆகாது என்பார்கள். கட்டுத்தறியில் கட்டவே பயப்படுவார்கள்.

நான் பார்த்தேன். சொல்லவில்லை. பத்தடி உயரத்தில் பேனர் ஏறட்டும், ஊர் பார்த்துச் சிரிக்கட்டும், 'ஓவியர்' முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஊர் சிரிக்கவில்லை. புதன்கிழமை பேனர் கட்டினார்கள். மத்தியானத்துக்குள் படம் வாட்ஸ்அப்பில் பந்தயக்காரர்கள் குரூப் எல்லாவற்றுக்கும் போயிற்று. சாயங்காலம் வேல்சாமி போன் பண்ணி மாடு வேண்டாம் என்றார். நேரில் பார்த்தபோது எண்ணெய் தடவிச் சீவி ஒரு சுழியை மறைத்துவிட்டார்களாம். உள்ளூர் ஆள், தினம் மாட்டைப் பார்க்கிறவன், பார்த்தபடி வரைந்து வைத்திருக்கிறானாம். மாட்டை நம்பவில்லை, மாமா வரைந்த படத்தை நம்பினார். மாமாவின் திறமையை அந்த அளவுக்கு மதித்த முதல் மனிதர் அவர்தான்.

வியாழக்கிழமை காலையில் செல்லச்சாமி கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏம்ப்பா காளீசு, எம்மாட்டுக்கு எங்கன இருந்துப்பா ரெண்டாவது சுழி வந்துச்சு?"

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓவியத்தில் கற்பனை கொஞ்சம் இருக்கும் என்று ஆரம்பித்தார். செல்லச்சாமி அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. இந்தப் பேச்சு பரவிவிட்டால் வேறு எவனும் மாட்டை ஏறெடுத்துப் பார்க்க மாட்டான், கடைசியில் அடிமாட்டுக்காரன்தான் வந்து நிற்பான் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மாமா கற்பனையை அதோடு விட்டுவிட்டுப் போனை எடுத்தார். நான் வேல்சாமி நம்பரை வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.

எப்படியோ கெஞ்சி வேல்சாமியை ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து மூக்கையா கடை பெஞ்சில் உட்கார்ந்தார். சுற்றி இருபது பேர். மாமா லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து, அந்தப் பொத்தானை அழுத்தி, ஒரு கொம்பு வரைந்தார். இரண்டு கொம்பு வந்தது. ஒரு காது. இரண்டு காது. கூட்டம் எட்டிப் பார்த்தது.

வேல்சாமி கேட்டார்: "அப்ப நீ பாதிதான் வரைவியா?"

மாமா மூக்கையாவை ஒரு தடவை பார்த்தார். செல்லச்சாமியைப் பார்த்தார்.

"ஆமண்ணே. பாதிதான். மிச்சத்த அது போட்டுக்கிரும். மாட்டு மேல தப்பில்ல."

மூக்கையா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அதன்பின் எல்லோரும். ஒருவன், "எம்மூஞ்சியையும் பாதி வரஞ்சு முழுசாக்கிக் குடு ஓவியரே" என்றான். மாமா தலையை நிமிர்த்தவே இல்லை. எவ்வளவோ தடவை இந்த ஆளை நான் அழ வைக்கப் பார்த்திருக்கிறேன். அன்று அப்படிக் கேட்டவன்மேல் கல்லெடுத்து எறியலாமா என்று பார்த்தேன்.

மாட்டைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். நெற்றி மயிர் காய்ந்து எழும்பியது. ஒரே சுழி. வேல்சாமி விரலால் தடவிப் பார்த்துத் திருப்தியானார். ஆனாலும் கிளம்பவில்லை.

"நாங் கண்ணால பாத்துட்டேன். போன்ல பாத்தவனுக்கெல்லாம் யாரு சொல்றது? மாட்ட முன்னால வச்சு, முழுசா வரை. அத அனுப்புவோம்."

தொழுவத்து வேம்படியில் மாடு. எதிரே முக்காலியில் மாமா. பொத்தானை அணைத்தார். இடது பாதி அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. வலது பாதிக்குக் கை வரவில்லை. அந்தப் பொத்தான் கிடைத்த நாளிலிருந்து போகாத பக்கம். கொம்பை ஏழு தடவை அழித்தார். மாடு வேறு தலையை ஆட்டியது. பேட்டரி பதினொன்று என்று காட்டியபோது நான் செல்லச்சாமி வீட்டிலிருந்து ஒயர் இழுத்து வந்து மாட்டினேன். விசிறிக்கொண்டும் நின்றேன், மாட்டுக்குத்தான். காற்று அவர் மேலும் பட்டிருக்கலாம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு முடிந்தது. வலது கண் கொஞ்சம் இறங்கி, மாடு யாரையோ சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது. ஒரு சுழி, இருக்க வேண்டிய இடத்தில். வேல்சாமி மாட்டையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து எல்லாக் குரூப்புக்கும் அனுப்பினார். சாயங்காலம் மாடு வண்டி ஏறிச் சாயல்குடிக்குப் போயிற்று. மாமாவுக்கு 'அரை ஓவியர்' என்று பெயர் வந்தது. அது இனி போகாது.

டிவிஎஸ் எக்ஸெல்லில் அவரைப் பின்னால் உட்காரவைத்து நான்தான் கடைக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். மடியில் லேப்டாப். கண்மாய்க்கரை வந்தது. அதற்கு மேல் என்னால் மறைத்து வைக்க முடியவில்லை.

"மாமா, அந்த ரெண்டு சுழிய நான் அன்னைக்கே பாத்துட்டேன். வேணும்னுதான் சொல்லல."

மாமா மடியில் லேப்டாப்பைச் சரிப்படுத்திக்கொண்டார்.

"நான் மட்டும் பாக்கலயாக்கும்" என்றார். "ஒண்ண அழிச்சுத்தான் பாத்தேன். மூஞ்சி கோணலாத் தெரிஞ்சுச்சு. ரெண்டு இருந்தாத்தான் அழகா இருந்துச்சு. விட்டுட்டேன்."

இப்படி ஒரு ஆள். அப்படியே கண்மாய்க்குள் வண்டியை விட்டுவிடலாமா என்று இருந்தது. ஆனால் முன்னால் வேகத்தடை வந்தது. லேப்டாப்பின் கீல் ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது. பிரேக்கைப் பிடித்து, மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கினேன்.