சுப்ரீம் கோர்ட் வராந்தாவில் கூப்பிட்ட பெயர்

பிள்ளைகளா, டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் உங்கள் அம்மாவைத் தொலைத்துவிட்டு நின்றேன். அவள் தன் பங்குக்குச் சொல்லிச் சிரித்திருப்பாள். நடந்ததை நான் எழுதிவிடுகிறேன்.

ரிட்டயர் ஆகும்வரை அரியலூர் கோர்ட்டில் எனக்கு டவாலி வேலை. சிவப்புப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்று, கட்சிக்காரர் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவதுக்கும் ஆள் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி. அவர் இல்லாமலே வழக்கு முடிந்துவிடும். அதனால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பட்டையைச் சரிசெய்வதுபோலக் கொஞ்சம் நிற்பேன். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேங்கய்யா, வந்துட்டேன்!" என்று ஓடிவருவார்கள். "உன் தொண்டை வேப்பந்தட்டை வரைக்கும் கேக்கும்யா" என்பார் வக்கீல் குமாஸ்தா ஒருவர். அந்தச் சத்தமெல்லாம் இன்னும் காதில் இருக்கிறது.

டெல்லியில் அன்று கோர்ட் லீவு. செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கைடு பின்னால் கூட்டமாகப் போனோம். அவ்வளவு பெரிய ஹாலில் டவாலி எந்த இடத்தில் நிற்பார் என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"இங்கயும் டூட்டியா உங்களுக்கு? வாங்க" என்று உங்கள் அம்மா முன்னால் நடந்தாள்.

வெளியே வந்தால் அவளைக் காணோம். எந்தப் பக்கம் பார்த்தாலும் தூண். அவளுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அவளுடைய சுகர் மாத்திரை என் பையில் இருந்தது.

என்னை அறியாமல் விறைப்பாக நின்றேன். "செல்லம்மா...!" அதே டவாலி இழுப்பு. காவலர் ஒருவர் ஓடிவந்து உதட்டில் விரல் வைத்தார். "செல்லம்மா...!" சத்தம் தூணில் பட்டுத் திரும்பியது. பதில் இல்லை. மூன்றாவதுக்கு வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. அதற்கும் பதில் இல்லாமல் போய்விட்டால்?

"இருக்கேன், இருக்கேன்! தண்ணி குடிக்கப் போனேன். ஊருல ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்புட்டதில்ல, டெல்லிக்கு வந்து ஏலம் போடுறீங்களே!"

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். காவலரே சிரித்துவிட்டார்.

இத்தனை வருஷம் கூப்பிட்டது எல்லாம் அடுத்தவர் வீட்டு ஆட்களை. பதில் வராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதனால் சொல்கிறேன். எவ்வளவு வேலையாக இருந்தாலும், அம்மா போன் பண்ணினால் எடுத்து, "இருக்கேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.