கொட்டாங்கச்சியில் போட்ட மொச்சை

மூடி வைத்த எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாத குழந்தை நான். உறை ஊற்றிய பாலில் விரலை விட்டுத் தயிராகிவிட்டதா என்று பார்ப்பேன். அப்பா விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி, மேலே கல்லை ஏற்றி வைப்பார். முளை வெடிக்க ஒன்றரை நாளாவது ஆகும். அதற்குள் நான் நாலு தடவை வைக்கோலை விலக்கிக் கையை நுழைத்திருப்பேன். உள்ளே வெதுவெதுவென்று இருக்கும். அப்பா அடிக்கக் கையை ஓங்குவார், அடித்ததில்லை. "இது கை சும்மாவே இருக்காது" என்று வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

ஐந்து வயதில் என்னைப் பாபநாசத்தில் ஒரு மாண்டிசோரி பள்ளியில் சேர்த்தார்கள். பள்ளி என்றால் ஒரு மாடி வீடு, அவ்வளவுதான். பெஞ்சு கிடையாது. ஆளுக்கொரு சின்னப் பாயை விரித்து, அதன்மேல் வேலையைச் செய்து, முடிந்ததும் சுருட்டி வைக்க வேண்டும். தொட்டிச்செடியின் இலைகளை ஈரப்பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைப்பது ஒரு வேலை. வேர், தண்டு, இலை, பூ என்று மரத்துண்டுகளைப் பலகையில் பொருத்துவது இன்னொரு வேலை. பூவாளி, கரண்டி, துடைப்பம் எல்லாமே எங்கள் கைக்கு அளவாகச் சின்னச் சின்னதாக இருக்கும். எங்களோடு இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, இதெல்லாம் பெரிய வேடிக்கை. "சேத்துல பொறந்த புள்ளைய மாடியில உக்கார வெச்சு விதை போடச் சொல்லித் தராங்களாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அம்மாதான் என்னை ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் அவளுக்கு வயிற்றில் குழந்தை வந்தது. தம்பிதான் என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். எனக்குப் பிறகு அத்தனை வருஷம் கழித்து வந்த குழந்தை அது என்பதும், அதற்காக அம்மா எத்தனை கோவில் படி ஏறியிருந்தாள் என்பதும் எனக்குத் தெரியாது. அவள் சேலையை விலக்கி வயிற்றில் காதை வைத்துக் கேட்பேன். "தூங்குறான், எழுப்பாத" என்பாள். அம்மா இனி வண்டி ஓட்ட வேண்டாம், அவளுக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும் எனக்குப் பள்ளிக்கு வேன் ஏற்பாடு செய்வதாக அப்பா சொன்னார். அதுவரை அத்தையே என்னைப் பேருந்தில் அழைத்துப் போனாள்.

அப்போதுதான் மிஸ் எங்களுக்கு ஆளுக்கொரு கொட்டாங்கச்சியும் ஒரு விதையும் கொடுத்தார். நான் மொச்சையை எடுத்துக்கொண்டேன், அதுதான் பெரிதாக இருந்தது. எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, மிஸ் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஏதோ குழந்தை தூங்குகிற மாதிரி மெல்லிய குரலில் சொன்னார்: "உள்ள பெரிய வேலை நடந்துக்கிட்டு இருக்கு. நாம அசைச்சா நின்னுடும். தண்ணி ஊத்தலாம், பார்க்கலாம். அசைக்கக் கூடாது."

எல்லோரும் தலையை ஆட்டினோம். மறுநாள் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் நான் சின்னக் கரண்டியால் என் மொச்சையைத் தோண்டி எடுத்தேன். தோல் சுருங்கி உப்பியிருந்தது. திரும்பப் புதைத்தேன். அதற்கு அடுத்த நாளும் எடுத்தேன். நாலாம் நாள் மூக்குநுனி மாதிரி வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைத் தடவிப் பார்த்தேன். மறுநாள் அது பழுப்பாகிவிட்டது. அப்புறம் எடுத்தபோது நாற்றம் அடித்தது. மண்ணைப் போட்டு மூடிவிட்டு, தினமும் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

ஒரு சனிக்கிழமை செடி நாள் வைத்தார்கள். பெற்றோர் வந்து அவரவர் பிள்ளையின் செடியைப் பார்க்க வேண்டும். அப்பா நாற்றங்காலில் விதை தெளித்துக்கொண்டிருந்தார். வரச்சொன்ன ஆட்டோ வரவில்லை. நான் தரையில் விழுந்து புரண்டு அழுதேன். செத்துப்போன மொச்சையைக் காட்ட எதற்கு அவ்வளவு அழுகை என்று இன்று யோசிக்கிறேன். அம்மா வந்து பார்த்தால் முளைத்துவிடும் என்று நினைத்திருப்பேன் போல.

அம்மா ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

"வாய்க்கா ரோடு குண்டும் குழியுமா கெடக்கு. வேணாம்னு சொல்றேன்" என்றாள் அத்தை.

"மெதுவா ஓட்டிட்டுப் போறேன் அண்ணி. புள்ள ஆசையா கூப்பிடுது."

பள்ளியில் வரிசையாக எல்லாக் கொட்டாங்கச்சியிலும் பச்சை தெரிந்தது. என் பெயர் ஒட்டியிருந்ததில் மட்டும் வெறும் மண். மற்ற அம்மாக்கள் எல்லாம் பார்த்தார்கள். நான் அழ ஆரம்பித்ததும் மிஸ் என்னைக் கைகழுவும் தொட்டிக்கு அழைத்துப் போனார். ஈரத்துணியால் என் நகக்கண்ணில் இருந்த மண்ணை ஒவ்வொரு விரலாகத் துடைத்தபடி சொன்னார்: "சில விதை முளைக்காதுடா கண்ணா. அது யாரோட தப்பும் இல்ல. நீ ஒண்ணும் பண்ணல."

நகத்தில் மண்ணைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னார். அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்தது. எங்களுக்குள் ஒரு ரகசியம் என்று அதை வைத்துக்கொண்டேன்.

அதற்கு நாலு நாள் கழித்து அம்மாவைக் கும்பகோணத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து உள்ளறையில் படுத்துக்கொண்டாள். அடுப்படியில் இருந்தபடியே, உள்ளறைக்குக் கேட்கிற மாதிரி, "அன்னைக்கே சொன்னேன்" என்றாள் அத்தை. அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். அப்பா கட்டிலருகில் நின்று, "வண்டியில போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கல்ல. நீயா எதையாவது நெனச்சுக்காத" என்றார். "ஆறுதலுக்கு அப்படித்தான் சொல்வாங்க" என்றாள் அம்மா.

அவர் வெளியே போனதும் நான் உள்ளே போனேன்.

"தம்பி எங்கம்மா?"

"வரல கண்ணு."

"ஏன் வரல?"

அம்மா சேலையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது அதுதான் முதல் தடவை. மிஸ் உட்காருகிற மாதிரியே சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அதே மெல்லிய குரலில் சொன்னேன்: "உள்ள பெரிய வேலை நடக்கும்மா. அசைச்சா நின்னுடும். மிஸ் சொன்னாங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். அப்புறம் கேட்டாள்: "வேற என்ன சொன்னாங்க மிஸ்?"

அந்தக் கேள்வியை நான் இன்றும் மறக்கவில்லை. டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை, அப்பா சொன்னதையும் நம்பவில்லை. குழந்தை பொய் சொல்லாது என்று என்னைக் கேட்டாள். மிஸ் சொன்ன இன்னொன்று, யாரோட தப்பும் இல்ல என்பது, என்னிடம் இருந்தது. எனக்கு அதை அவர் இரக்கத்துக்காகச் சொன்னார், ஏனென்றால் என் மொச்சையை நான்தான் கொன்றேன். அம்மாவுக்கு அது வெறும் உண்மை. ஆனால் அதைச் சொன்னால் கரண்டியைப் பற்றியும் நகத்து மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"வேற ஒண்ணும் சொல்லலம்மா."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்து, மிஸ் சொல்லிக்கொடுத்தபடி சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு அவள் ஸ்கூட்டியைத் தொடவில்லை. அது மாட்டுக்கொட்டகை ஓரத்தில் டயர் இறங்கி நின்றது. என்னைக் கூட்டிப்போக அப்பா சொன்னபடி வேன் வந்தது. முதல் நாளே எனக்கு ஜன்னலோரத்து இடம் கிடைத்துவிட்டது. அன்று முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.