தாக் இன்சுக்கும் சொல்லாமல் விட்ட பெயரும்

கொரியாவின் தேகு நகரத்துப் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, நரை விழுந்த பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போனவள் தாக் இன்சுக். கொரியர்கள் பேசும்போது பெயர்ச்சொல்லை விழுங்கிவிடுகிறார்களே, விழுங்கியது எங்கே போகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

"சொல்லாம விட்ட சொல்லுக்கா இத்தனை வருஷம்?" என்பான் கணவன்.

"நீ சொல்லாம விட்டதை வெச்சுத்தானே நான் குடும்பமே நடத்துறேன்" என்பாள் இவள்.

அவள் எடுத்துக்கொண்ட வாக்கியம் இது: 'அக்கா தன் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவை நிரப்பினாள், தங்கையும் நிரப்பினாள்.' தங்கை நிரப்பியது எதை? தன்னுடைய டப்பாவை என்றாள் இன்சுக். விட்டுப்போன இடத்தில் இருப்பது வெறும் 'அது', முன்னே சொன்னதையே சுட்டும், ஆகவே அக்காவின் டப்பாதான் என்றார் தேர்வுக் குழுத் தலைவர் குவாக். அவர் முத்திரை விழாமல் பட்டம் கிடையாது. ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார். இனியும் விழாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த முதல் முறை அவளே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். குடியிருப்புப் பெண்களை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டாள். எல்லோருக்கும் மூத்த ஓக்பூன், "அக்கா டப்பாதான்" என்றாள். அத்தனை தலையும் ஆடின. பெரியவர் வாய் திறந்த பிறகு சின்னவர்களுக்கு வேறு கருத்து ஏது? இது அவளுக்குத் தெரியாதா என்ன? அவசரம் கண்ணை மறைத்துவிட்டது.

பிறகு வீடு வீடாகப் போய்த் தனித்தனியே கேட்டாள். "அவளவ டப்பாவை அவளவ நிரப்புவா. இதையெல்லாமா கேப்பே?" என்று சிரித்தார்கள்.

இறுதித் தேர்வில் குவாக் அதையும் தள்ளினார். "அது அடுப்படிப் பேச்சும்மா. படிச்சவங்க அப்படிப் பேசமாட்டாங்க."

மதியம் ஆனது. வழக்கப்படி மாணவியான இன்சுக்கே வாங்கி வைத்த சாப்பாட்டுப் பெட்டிகள் ஆளுக்கொன்றாக மேசைமேல் இருந்தன. மூத்தவர் தொடங்காமல் ஒருவரும் கை வைக்கவில்லை. குவாக் மூடியைத் தூக்கினார்.

"நான் என் பெட்டியைத் திறந்துட்டேன். நீங்களும் திறங்கய்யா, ஆறிப்போகுது!"

அவரவர் பெட்டியை அவரவர் திறந்தார்கள். இன்சுக் எழுந்தாள்.

"ஏன் சார், உங்க பெட்டியைத் திறக்க ஒருத்தரும் வரலையே?"

குழுவிலேயே இளையவர், பெரியவர் முகத்தைப் பார்க்காமலேயே வெடித்துச் சிரித்தார். அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். குவாக் தன் பெட்டியைப் பார்த்தார், மற்றவர்கள் பெட்டிகளைப் பார்த்தார்.

"மாட்டிக்கிட்டேன்" என்று சட்டைப் பைக்குள் கைவிட்டு முத்திரையை எடுத்தார். அவள் ஆய்வேட்டில் குத்திவிட்டு, எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க, டாக்டர் தாக். நீங்களும் திறங்க."