நான் கேட்டு வாங்கிய பெயர்

பேத்தி ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ஏதாவது பதிப்பகத்தில் எடிட்டிங் பழக இடம் கிடைக்குமா என்று ஒரு மாதமாகச் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். "முன் அனுபவம் கேக்குறாங்க தாத்தா. உங்களுக்கு இருந்துச்சா?" என்றாள் போன வாரம். இருந்தது, ஒரே ஒரு வாரம். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மண்ணெண்ணெய் வாடை அடித்தால் இன்றும் எழுந்து வெளியே போய்விடுவேன். அச்செழுத்துகளை அதில்தான் கழுவுவார்கள். ஐம்பதுகளில் போடியில் ஓர் அச்சாபீசு இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் ஏலக்காய்க் கடை ரசீதும் அடித்துப் பிழைத்தது. கூடவே நாலு பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை. நான் மதுரையில் பி.ஏ. ஆங்கிலம். மதராஸ் தினசரியில் உதவியாசிரியராகிவிடுவதாகக் கனவு. அதற்கு யாராவது ஒரு பத்திரிகை ஆசிரியரின் நற்சான்று வேண்டும். கோடை விடுமுறையில் அச்சாபீசு வாசலில் எட்டு நாள் நின்றேன். ஒன்பதாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகை ஆசிரியர், மகளின் பிரசவத்துக்காக மதுரைக்குக் கிளம்பினார். வர எட்டு நாளாகும். வேறு ஆளில்லாமல் என்னிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து, இந்த வாரம் சுருக்கிப் போடச் சொன்னார்.

"வெட்டு. ஒண்ணையும் சேக்காத."

பென்சிலில் எழுதிய கடிதம். மலைமேல் ஒரு தோட்டத்தில், ஏலக்காய் திருடியதாகச் சொல்லி ஒரு கூலியாளை மரத்தில் கட்டி, முதுகுத்தோல் உரியும்வரை கங்காணி அடித்திருக்கிறான். மூன்றாம் நாள் ஆள் செத்துப்போனார். காய்ச்சல் என்று சொல்லிப் புதைத்துவிட்டார்கள். கடிதத்தில் கையெழுத்து இல்லை.

பெயரில்லாத செய்தி வெறும் வதந்தி என்பார் எங்கள் பேராசிரியர். எனக்கோ தலைகொள்ளாத கர்வம். கடிதத்தை எழுதியவரே அன்று சந்தைக்கு இறங்கியபோது கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதே தோட்டத்துக் கூலியாள். ஓடிப்போய்க் கருவாட்டுக் கடை முன்னால் அவரைப் பிடித்தேன்.

"பேரு எதுக்கு அப்பு? உசுரு போயிரும்."

அச்சில் பெயர் வந்தவனைத் தொட எவனுக்கும் துணிச்சல் வராது, சீமையிலெல்லாம் அப்படித்தான் என்று அளந்துவிட்டேன். கங்காணிக்குச் சீமையைத் தெரியுமா என்று யோசிக்கவில்லை. கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"நீங்க படிச்சவுக. சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்" என்று பெயரைச் சொன்னார்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் ஆளையே கெடுத்தேன். சனிக்கிழமை பத்திரிகை வந்தது, கொட்டை எழுத்தில் அவர் பெயரோடு. தெருத்தெருவாகக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் தோட்டத்து ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். சந்தையில் அவரைப் பிடித்து, தலைமுடியைப் பற்றி அச்சாபீசுக்குள் தரதரவென்று இழுத்துவந்தார்கள். எழுத்துப் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். நான் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் பதுங்கிவிட்டேன். எழுதின கை எது என்று கேட்டான் ஒருவன். அவர் இரண்டு கையையும் பின்னால் மறைத்தார். வலது கையைப் பிடித்துக் கல்மேசையில் வைத்து, எழுத்தைத் தட்டிச் சமன்செய்கிற எங்கள் சுத்தியலாலேயே அடித்தார்கள். ஐந்து விரலையும், ஒவ்வொன்றாக. அவர் போட்ட சத்தத்துக்குச் சந்தையே திரும்பிப் பார்த்தது. ஒருவரும் உள்ளே வரவில்லை. அவரைக் கீழே தள்ளி முகத்தில் மிதித்தார்கள்.

"பேரைப் போட்டவன் எவன்?"

தரையில் கிடந்தவரின் கண் நேரே என்மேல் விழுந்தது. வாயெல்லாம் ரத்தம்.

"அவுக மதுரைக்குப் போயிட்டாக" என்று ஆசிரியரைச் சொன்னார்.

மறுபடி மிதித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. பத்தொன்பது வயது, கட்டுக்குப் பின்னால் இன்னும் குறுகினேன். தூ, நானும் ஒரு மனுஷன்! மிச்சப் பிரதிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

ஆசிரியர் வந்ததும் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நற்சான்றை நான் கேட்கவில்லை. ஆங்கில வாத்தியாராகிக் காலத்தை ஓட்டினேன். பத்திரிகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அச்சாபீசு இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. கடிதம் எழுதியவர் பிறகு மலையேறவே இல்லை, கம்பம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த வாரத்து இதழ் ஒன்றுகூட எங்கும் அகப்படவில்லை, தேடாத இடமில்லை. இதை எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. அந்த முகம் தெரிகிறது, அந்தக் கை தெரிகிறது. பெயர் மட்டும் எனக்கு மறந்துவிட்டது.