ஒன்பது நிமிடப் பாட்டு

சிவசங்கரி நெல்லித்தோப்பில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா கோவிந்தசாமி மில் தொழிலாளி. மில் வேலை போன பிறகு ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். முகூர்த்த நாட்களில் அவள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பாள். சினிமாப் பாட்டை அச்சு அசலாக வாசிக்கவேண்டும், அவ்வளவுதான். நான்கு வருடத்தில் அது சலித்துவிட்டது.

குழுவில் கிட்டார் வாசித்த ராஜ்கமல் 2003இல் அவளிடம் சில சிடிக்களைக் கொடுத்து, ப்ராக்ரசிவ் ராக் என்றான். ஒரே பாட்டு பத்து நிமிடம், இருபது நிமிடம் ஓடியது. நடுவில் தாளம் மாறியது. பாடுபவர் ஒதுங்கிக்கொள்ள, கருவிகள் மட்டும் எங்கெங்கோ போய்த் திரும்பின. இப்படியும் செய்ய விடுவார்களா என்று அவளுக்கு ஆச்சரியம்.

டிரம்ஸுக்குக் காத்தவராயன் சேர்ந்தான். கருவடிக்குப்பத்தில் அவன் வீட்டு மாடியில், ஞாயிறுதோறும், ஒன்றரை வருடம் உட்கார்ந்து ஒரு பாட்டுச் செய்தார்கள். ஒன்பது நிமிடம். முன்னும் பின்னும் ராஜ்கமல் பாடும் பல்லவி. நடுவில் ஐந்து நிமிடம் கீபோர்டு, ஏழு ஏழாக எண்ணி வாசிக்கவேண்டியது. அது முழுக்க அவள் அமைத்தது. காத்தவராயனுக்குப் பிடிபடவே நாலு மாதம் ஆயிற்று. ரெக்கார்டிங்கில் இரண்டு தடவை பாதியில் கரண்ட் போனது. மூன்றாவது தடவை பிசகில்லாமல் வந்தது. 2005 ஆவணியில் ஐநூறு சிடி போட்டார்கள்.

ஒரு எஃப்எம்காரர் நாலு நிமிடமென்றால் போடலாம் என்றாராம். இது அவளுக்குத் தெரியாது. கடை ரேடியோவில் பாட்டு வந்தபோதுதான் கேட்டாள். பல்லவி முடிந்தது, தன் இடத்துக்காகக் காத்திருந்தாள். மறுபடி பல்லவியே வந்தது. அன்று ஒரு பத்திரிகையில் மணப்பெண்ணின் பெயரைத் தப்பாக அடித்து முதலாளியிடம் ஏச்சு வாங்கினாள்.

நடுப்பகுதியை வெட்டிக் கொடுத்தது ராஜ்கமல்தான். கேட்டபோது மழுப்பவில்லை.

"உன்னக் கேட்டா ஒத்துக்குவியா? அதான் கேக்கல."

பாட்டு ஊரில் பிடித்துப்போனது. ஆட்டோக்களில் ஓடியது, செல்போனில் காலர் டியூன் ஆனது. பாடியவன் என்று ராஜ்கமல் பெயரை மட்டும் சொன்னார்கள்.

அடுத்த மாசியில் ஒரு கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டார்கள். முழுசாக வாசித்தால்தான் வருவேன் என்று சொல்லித்தான் அவள் போனாள். நடுப்பகுதி தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்காது, பின்னாலிருந்து கூச்சல். பாடு, பாடு என்றார்கள். ராஜ்கமல் திரும்பிக் காத்தவராயனுக்குக் கண் காட்டினான். டிரம்ஸ் பல்லவியின் நாலு எண்ணிக்கைக்கு மாறியது. அவள் மட்டும் ஏழில் போய்க்கொண்டிருந்தாள். கேட்டவர்களுக்கு அவள்தான் தப்பாக வாசிப்பதுபோல் இருந்திருக்கும். முன்வரிசையில் சிரித்தார்கள். கையை எடுத்துக்கொண்டாள். பல்லவிக்கு அரங்கமே சேர்ந்து பாடியது.

அதோடு குழுவை விட்டாள். ராஜ்கமல் சென்னைக்குப் போனான். மெல்லிசைக் குழுக்காரர்கள் வந்து கூப்பிட்டும் அவள் போகவில்லை. கீபோர்டை விற்றாள். கல்யாணமாகி, கணவரும் அவளும் சேர்ந்து சொந்தமாக ஒரு ஜெராக்ஸ் கடை போட்டார்கள்.

2009இல் ராஜ்கமல் அந்தக் கடைக்கு வந்தான். முழுப் பாட்டை யாரோ இன்டர்நெட்டில் ஏற்றியிருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் நடுப்பகுதியைத்தான் புகழ்ந்து எழுதுகிறார்களாம். பெங்களூரில் ஒரு பெரிய மேடை கிடைத்திருக்கிறது.

"நீ வந்து வாசிச்சாத்தான் ஆவும் சங்கரி. நானும் எத்தினியோ பேர வச்சிப் பாத்துட்டேன். அந்த ஏழு யாருக்கும் வரல."

"எனக்கு மறந்துபோச்சி."

"பொய் சொல்ற."

"ஆமா," என்றாள். "போய்ட்டு வா."

அவன் படியிறங்கிப் போனான்.

ரேஷன் கார்டு நகலெடுக்க வந்த பெண்ணை அனுப்பிவிட்டு, சிவசங்கரி மேசை விளிம்பில் விரல்களை வைத்தாள். முதல் ஏழு வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் இடது கை எங்கே போகவேண்டும் என்று தெரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் விரல்கள் நின்றுவிட்டன.