மேட்டுக் கோல், பள்ளத்துக் கோல்

எங்கள் கிளப் வாலிபாலுக்காக ஆரம்பித்தது. செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தில் இரண்டு கம்பம் நட்டு, வலை கட்டி, சாயங்காலங்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒருமுறை மலையிறங்கிக் கீழே ஒரு போட்டிக்குப் போனார்கள். அங்கே மைக்கில் அறிவிக்க டீமுக்கு ஒரு பெயர் கேட்டிருக்கிறார்கள். நின்ற இடத்திலேயே யோசித்து ஒன்றைச் சொன்னார்கள். திரும்பி வரும்போது அது கிளப் ஆகியிருந்தது. பிறகு கபடி சேர்ந்தது. மழைக்காலத்துக்கென்று ஒரு கேரம் போர்டு வந்தது. ஃபுட்பால் கடைசியாக வந்தது. வந்த நாளிலிருந்தே அது மற்றவர்களுக்குத் தொந்தரவுதான், ஏனென்றால் அதற்கு இடம் வேண்டும். மலையில் தண்ணீர் உண்டு, மண் உண்டு, சமமான இடம் கிடையாது.

கீழே ஹாஸ்டலில் தங்கிப் படித்துவிட்டு வந்த நாலைந்து பேர் பந்தைக் கொண்டுவந்தார்கள். நான் அப்போது செம்மேட்டில் செல்போன் ரிப்பேர் கடை போட்டிருந்தேன். உயரமாக இருப்பேன், வேகமாக ஓட வராது. அதனால் கோல்கீப்பர் ஆனேன். வாலிபால் மைதானத்தில் ஆடினால் பந்து பஸ்ஸுக்கு அடியில் போயிற்று, டீக்கடைப் பாய்லரில் பட்டது. கிளப் செயலாளர் ஜெராக்ஸ் கடைக்காரர், பிறவி வாலிபால்காரர். அவர் இதைக் கொஞ்ச நாள்தான் பொறுத்தார். கிளப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள், இடத்தை வேறெங்காவது பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

இடம் கொடுத்தவர் திண்ணனூர் நாட்டுக்காரர்; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர், சாமையும் மிளகும் வைத்திருந்த விவசாயி. வாலிபாலில் சர்வீஸ் போட மட்டும் வருவார். அவர் வீட்டுக்குக் கீழே சாமைக் காடு ஒன்று தரிசாகக் கிடந்தது. அப்பா இறந்தபின் அவருடைய அண்ணன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். இவர் ஒருத்தரால் எல்லாக் காட்டையும் பார்க்க முடியவில்லை. சும்மாதானே கெடக்குது, வந்து ஆடுங்க என்றார். ஒரு கோடை முழுக்கக் கல் பொறுக்கினோம். பொறுக்கிய கற்களை ஓரத்தில் அடுக்கியதில் ஒரு சுவரே எழும்பிவிட்டது.

கல்லை எடுக்க முடிந்தது, சரிவை எடுக்க முடியவில்லை. ஒரு கோல் மேட்டில் இருந்தது, இன்னொன்று பள்ளத்தில். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் உயரத்துக்குக் குறையாத வித்தியாசம். பள்ளத்துக் கோலில் நிற்பவனுக்கு எல்லாப் பந்தும் தலைக்கு மேலேயிருந்து வருவது போல இருக்கும். விட்டுவிட்டால் அது வரப்பைத் தாண்டிக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டுக்குள் உருண்டு போகும். கோல்கீப்பர்தான் போய் எடுத்து வர வேண்டும். போதாததற்கு ஆடி, ஆவணியில் மூடுபனி இறங்கிவிடும். பத்தடிக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அதனால் எங்கள் டீமில் பந்து காலில் இருப்பவனும் இல்லாதவனும் ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பார்கள். அவரவர் இருக்கும் இடத்தை அவரவர் சொல்ல வேண்டும். எனக்கு அது பழகிப்போய், பந்தை உதைக்கும் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் பாய்வது என்று முடிவு செய்யும் அளவுக்கு வந்துவிட்டேன்.

இடத்துக்காரர் பேக் ஆடினார். வெறுங்காலோடுதான். டிவியில் தவிர ஃபுட்பால் பார்த்ததில்லை. ஆனால் ஆட்டக்காரனைத் துரத்த மாட்டார். காட்டில் இறங்கப் பார்க்கும் மாட்டை மறிக்கிற மாதிரி, அவன் வரப்போகும் இடத்தில் முன்னாலேயே போய் நின்றுகொள்வார். அவர் எனக்கு முன்னால் நிற்கும்போது எனக்குப் பயமே இருந்ததில்லை.

கீழே போய் ஆடிய முதல் சில போட்டிகளில் மிக மோசமாகத் தோற்றோம். காரணம் ஆட்டமில்லை, பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி முடிப்பதற்குள் பாதிப் பேர் வாந்தி எடுத்துத் துவண்டுவிடுவோம். மலையிலேயே பிறந்தவர்களுக்கு அது வராது என்று கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் போட்டி என்று தெரிந்ததும், பஸ்ஸே வேண்டாம், புளியஞ்சோலை வழியாக நடந்து இறங்கிவிடலாம் என்று இடத்துக்காரர் சொன்னார். முந்தின நாள் காலையில் கிளம்பி, பூட்ஸைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, காட்டுப் பாதையில் இறங்கினோம். புளியஞ்சோலையில் ஆற்றில் வெகுநேரம் கிடந்தோம். டீமில் எல்லோரும் தெளிவாக இருந்த முதல் போட்டி அதுதான்.

சமமான மைதானம் எங்களைக் குழப்பியது. மேட்டுக்கு உதைத்துப் பழகியவர்கள் அடித்த பந்து எல்லை தாண்டிப் போனது. ஆனால் மூச்சு வாங்கவில்லை. எதிர் டீம் இடைவேளைக்குப் பிறகு இடுப்பில் கை வைத்து நின்றபோது எங்களுக்கு ஆட்டம் இப்போதுதான் தொடங்கின மாதிரி இருந்தது. நடுவர் இரண்டு முறை எங்களைக் கூப்பிட்டு, எதற்கு இப்படிக் கத்துகிறீர்கள் என்று கண்டித்தார். பனியைப் பற்றி அந்த வெயிலில் அவருக்கு எப்படி விளக்குவது. ஃபைனல் வரைக்கும் போனோம். ஃபைனலில் உள்ளூர் டீம் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி ஒரு கோல் போட்டது. அதோடு சரி. இரண்டாம் பரிசுக் கோப்பை கிடைத்தது. எங்களுக்கு அதுவே மிகப் பெரிதாக இருந்தது.

மறுநாள் அதே பாதையில் ஏறினோம். முன்னால் போனவர்கள் கோப்பையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். இடத்துக்காரரும் நானும் பின்தங்கி வந்தோம். ஒரு பாறையில் உட்கார்ந்தபோது அவர் சொன்னார்.

"தம்பி, எங்கண்ணன் குடும்பத்தோட ஊருக்கே வந்துடறேன்னுட்டாரு."

எப்போது என்று கேட்டேன். தை கழிந்து என்றார்.

"காட்டுல மேட்டுப் பாதி அவரு பங்கு. குச்சிக்கெழங்கு போடணும்ங்கறாரு."

"கிளப்புல சொல்லிட்டீங்களாண்ணா?"

"இல்ல. போட்டி முடியட்டும்னு இருந்தேன்."

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் எல்லா ஆட்டமும் ஆடியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது உறைத்தது. எழுந்து நடந்தோம்.

அடுத்த வாரம் வாலிபால் மைதானத்தில் கூட்டம் நடந்தது. கோப்பையைப் பார்க்க வந்தவர்களே அதிகம். இடத்துக்காரர் விஷயத்தைச் சொன்னதும் பசங்களுக்குக் கோபம் வந்தது. நாலு பேர் சேர்ந்து திருப்பூருக்குப் போய் அண்ணனிடம் பேசிப் பார்க்கலாம், இவ்வளவு நாள் வேண்டாத காடு அண்ணனுக்கு இப்போது எதற்கு என்றெல்லாம் பேச்சு வந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அவரு அங்க பஞ்சுத் தூசியில நின்னு மூச்சு முட்டித்தான் வாராரு. அவருகிட்டப் போயி, பந்து ஆடணும், காட்ட வுடுன்னு நான் கேக்க மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க."

அடுத்துச் செயலாளர்தான் பேசினார். ஃபுட்பால் ஒழிந்தது என்று சந்தோஷப்படுவார் என்றே நான் எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த குச்சியால் தரையில் ஒரு கட்டம் கிழித்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். கீழ்ப் பாதி இருக்கிறதல்லவா என்றார். கோல் கம்பங்களைப் பிடுங்கி இடமும் வலமுமாக நடுங்கள், சரிவு பக்கவாட்டில் போய்விடும், ஏழு பேர் ஆடலாம். வாலிபால் கோர்ட்டுக்கு அளவு பார்த்துப் பார்த்து அவருக்கு அதெல்லாம் பழக்கம். பதினோரு பேர் டீமை என்ன செய்வது என்று ஒருவன் கேட்டான். அவர் குச்சியைக் கீழே போட்டார்.

அப்படித்தான் எங்கள் பதினோரு பேர் டீம் முடிந்தது. கோப்பை வாங்கிய டீம் மறுபடி ஒன்றாக ஆடவே இல்லை. ஏழு பேரில் இடம் கிடைக்காதவர்கள் கபடிக்குப் போனார்கள், சிலர் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனார்கள். நான் ஒரு வருடம் நின்று பார்த்துவிட்டு வாலிபாலுக்கு மாறிவிட்டேன். மேடும் பள்ளமும் போனபின் கோல்கீப்பர் வேலை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வருத்தமென்று சொல்ல முடியாது. சாயங்காலம் வேறு இடத்துக்குப் போகப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அண்ணன் வந்தார். மெலிந்த மனிதர். பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வார். மேட்டுப் பாதியை உழுது கிழங்குக் குச்சி நட்டார். அவருக்கு ஒரு மகள், அப்போது ஒன்பதாவது படித்தாள். வந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ட்ராக் பேண்ட்டும் பூட்ஸுமாக மைதானத்துக்கு நேராக வந்து, எந்த சைடில் ஆடட்டும் என்று கேட்டாள். திருப்பூரில் ஸ்கூல் டீமில் ஆடியவளாம். பசங்கள் அவளுடைய சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் தன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கிழங்குக் காட்டில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார், நிமிரவில்லை. வேண்டாம் என்று அவர் சொல்லாததால் ஆடட்டும் என்று ஆயிற்று. அன்றைக்கு அவள் சித்தப்பாவையே இரண்டு முறை தாண்டிப் போனாள். அவர் சிரித்துக்கொண்டே, "கண்ணு, மெதுவா போ, முட்டி போயிரும்" என்றார். உண்மையிலேயே அடுத்த வருடம் அவருக்கு முட்டி போய், ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்.

அவளோடு படித்த பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள், அப்புறம் நாலு பேர். ஏழு பேருக்கான மைதானம் அவர்களுக்குச் சரியாக இருந்தது. வீடுகளில் சண்டை நடந்தது, சில பேர் பாதியில் நிறுத்தப்பட்டார்கள், கல்யாணமாகிப் போனார்கள், புதிதாகச் சிலர் வந்தார்கள். இப்போது எங்கள் கிளப்பில் ஃபுட்பால் என்றால் பெண்கள் டீம்தான். பசங்கள் அவர்கள் ஆடி முடித்தபின் ஆடுகிறார்கள்.

அந்த அண்ணன் மகள் இப்போது செம்மேட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறாள். போன வருடம் ஜெராக்ஸ் கடைக்காரர், கண் சரியில்லை என்று செயலாளர் பதவியை விட்டார். அவள் நிற்கிறேன் என்றாள். எதிர்த்து யாரும் நிற்கவில்லை, ஆனால் வாலிபால்காரர்கள் முணுமுணுத்தோம். வந்ததும் முதல் வேலையாகப் பஸ் ஸ்டாண்ட் மைதானத்தில் வாரத்தில் இரண்டு சாயங்காலத்தைச் சின்னப் பெண்களின் ஃபுட்பால் பயிற்சிக்கு ஒதுக்கினாள். நான் ஆட்சேபம் சொன்னேன். பந்து டீக்கடைக்குள் போகும் என்றேன். கீழே உருட்டித்தாங்க ஆடுவாங்க, தூக்கி அடிக்க மாட்டாங்க என்றாள். இது நடந்து நாலு மாதமாகிறது. அந்த இரண்டு சாயங்காலத்தில் ஒன்று செவ்வாயா புதனா என்பதில் எங்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை.