எங்களுக்காகப் பேசப் போனவர்

கோடைக்கானலில் அந்த வாடகை வீட்டு ஜன்னலோரம், மஞ்சுமூட்டம் விலகட்டும் என்று எங்கள் சங்கச் செயலாளர் காத்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவர் கையில் ஓர் எக்ஸ்ரே படம். வெளியே வெள்ளையாக மூடிக்கிடந்ததால் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. லேசாக வெயில் வந்ததும் அதைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு உறையில் போட்டு, கட்டிலில் படுத்திருந்தவரிடம் திருப்பிக் கொடுத்தார். அறுபதுகளின் தொடக்கம், மே மாதம். தேதி நினைவில்லை, மறுநாள் கல்லூரி நிர்வாகக் குழு கூடியது என்பது மட்டும் நிச்சயம்.

சமவெளியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நாங்கள் பாடம் நடத்தினோம், ஆராய்ச்சியும் செய்தோம். தனியாக நோயாளிகளைப் பார்த்துக் கட்டணம் வாங்க எங்களுக்கு அனுமதி கிடையாது. ஊர் டாக்டர்களின் சங்கத்துக்குப் போனால், நீங்கள் சம்பளம் வாங்கும் வாத்தியார்கள் என்றார்கள். கல்லூரி ஆசிரியர் சங்கத்துக்குப் போனால், டாக்டருக்கு என்ன குறை, வாசலில் ஒரு போர்டு மாட்டினால் போதாதா என்று சிரித்தார்கள். ஆகவே நாங்களே ஒரு சிறு சங்கம் வைத்துக்கொண்டோம். நோய்க்குறியியல் பேராசிரியர் செயலாளரானார். "கண்ணு கண்டதச் சொல்லுங்க, மனசு ஆசைப்பட்டதச் சொல்லாதீங்க" என்பது வகுப்பில் அவர் அடிக்கடி சொல்வது. அந்த நேர்மைக்காகத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

கட்டிலில் கிடந்தவர் எங்கள் விரிவுரையாளர்களில் ஒருவர். கோடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூர்ப் பக்கம் காசநோய் பற்றி ஆராய்ந்தவர். பூண்டு காயும் இருட்டு வீடுகளுக்குள் உட்கார்ந்து, இருமுகிறவர்களின் சளியைச் சேகரித்தவர். நோய் அவரையும் பிடித்துக்கொண்டது; மலைக்காற்றுக்காக அந்த வாடகை வீட்டில் தங்கியிருந்தார். வேலைக்கு வராதவருக்குச் சம்பளமும் குடியிருப்பும் எதற்கு என்று நிர்வாகம் கேட்டது. மருந்து நெடுங்காலம் தொடர வேண்டும். வேலை போனால் மருந்தும் போகும்.

நிர்வாகக் குழு கோடையில் மலையில்தான் கூடும். ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் கூட்டம். உடன் இருக்க நானும் போனேன். நோய் கல்லூரி வேலையில் வந்தது, ஆகவே கல்லூரிதான் பொறுப்பு என்ற வாதத்தை ஏற்றம் முழுவதும் மூச்சு வாங்க எனக்குச் சொல்லிக்காட்டிக்கொண்டே வந்தார் செயலாளர். உள்ளே அதைவிட நன்றாகவே பேசினார். குழுத் தலைவர் மரியாதை தெரிந்தவர். டீ வரவழைத்தார், குறுக்கிடாமல் கேட்டார், கடைசியில் ஒன்று கேட்டார்.

"சங்கத்துக்காகப் பேசினீங்க, சரிங்க. இப்ப ஒரு டாக்டராச் சொல்லுங்க. அவரப் பாத்தீங்கள்ல? எப்ப வகுப்புக்கு வருவாரு?"

வக்கீலாக இருந்தால் அது என் சோலி இல்லை என்றிருப்பார். ஆலைச் சங்கத்துக்காரராக இருந்தால் மேசையைத் தட்டியிருப்பார். இவர் டாக்டர். நோயைப் பற்றிக் கேட்டதும் பதில் வந்துவிட்டது.

"ரெண்டு பக்கமும் கெட்டுக் கெடக்கு. ஒரு வருஷத்துக்கு முடியாது. அதுக்கப்புறமும் உறுதியாச் சொல்றதுக்கில்ல."

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கருத்துதாங்க" என்றார் தலைவர், மெதுவாக.

அந்த வீட்டுக்குத் திரும்பி, நடந்ததைச் செயலாளரே மறைக்காமல் சொன்னார். விரிவுரையாளரின் மனைவி பழனிக்காரர். அடிவாரத்தில் அவர் அப்பாவுக்குப் பூசைச் சாமான் கடை. சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "நீங்க எங்களுக்காகப் பேசப் போனீங்களா சார், இல்ல அவங்களுக்கு சர்டிபிகேட் குடுக்கப் போனீங்களா?" என்றார்.

பதில் கட்டிலிலிருந்து வந்தது. "சார் சொன்னதுல என்ன தப்பு? என்னைக் கேட்டிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். வேணும்னா அந்தப் படத்த வகுப்புல மாட்டுங்க சார், பயலுகளுக்கு நல்லா வெளங்கும்."

மனைவி அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. வேலை போயிற்று; கல்லூரிக் குடியிருப்பைக் காலி செய்து பழனிக்குப் போனார்கள். மருந்து விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. அடுத்த தைப்பூசக் கூட்டம் கலைந்த வாரத்தில் அவர் இறந்தார்.

அதன்பின் சங்கத்தில் ஒரு விதி வந்தது. ஒருவருக்காகப் பேசப் போகிறவர் அவரைப் பரிசோதிக்கக் கூடாது. படமோ அறிக்கையோ பார்க்கக் கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்தவர் செயலாளரேதான். பதவியை வேண்டாமென்றார், எங்களுக்கு வேறு ஆளில்லை. ஒவ்வொரு முறையும் நிர்வாகம் அதே கேள்வியைக் கேட்டது. "நான் அவரப் பாக்கலங்க" என்று உண்மையாகவே சொன்னார். அப்படிச் சொல்லியே சில வேலைகளைக் காப்பாற்றினார். ஆனால் உடம்பு சரியில்லாத நண்பர் வீட்டுக்கு அவர் போவது நின்றுவிட்டது.

இன்று அந்தச் சங்கத்துக்கு அலுவலகம் இருக்கிறது, சம்பளம் வாங்கும் வக்கீல் இருக்கிறார். அப்போது அவர் ஒருவர்தான். ரத்த மாதிரிகளோடு பழகியதில் எனக்குக் காமாலை முற்றிப் படுத்தபோது, வார்டு வாசல் வரை வந்தார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, சாப்பிட்டாயா என்று சத்தமாகக் கேட்டார். சாப்பிட்டேன் சார் என்றேன். என் கண் எவ்வளவு மஞ்சள் என்று தெரிந்துகொள்ளாமலே திரும்பிப் போனார். எனக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது.